ராவுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி

செஸ் புத்தகம் எதையும் பிழையார் முன்பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்ததே கிடையாது. கையில் எடுத்ததும் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போவார். அங்கே ஆட்டங்களின் பட்டியல் இருக்கும். எழுதியவர் எத்தனை ஆட்டத்தில் தோற்றிருக்கிறார் என்று விரலை வைத்து எண்ணுவார். ஒன்றுகூட இல்லையென்றால் புத்தகத்தை மூடிவிட்டு விரலைச் சட்டையில் துடைத்துக்கொள்வார். "தோத்த ஆட்டத்தைப் போடாதவன் பொய்யன். பொய்யன்கிட்ட என்னத்தைப் படிக்கிறது?" என்பார். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அவரிடம் முன்னூற்றுச் சொச்சம் செஸ் புத்தகங்கள் இருந்தன. அவற்றில் தேறுவது பதினாறு என்பது அவர் முடிவு. மீதியை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், "திட்டறதுக்கு ஆள் வேணாமா?" என்று திருப்பிக் கேட்பார். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதால் கேட்டவர்கள் அதோடு வாயை மூடிக்கொள்வார்கள்.

திட்டுவதிலும் அவருக்கு ஒரு நேர்த்தி உண்டு. அட்டையில் தாடையில் கை வைத்துக்கொண்டு படம் போட்டிருந்தால் அந்த ஆசிரியர் தொலைந்தார். நிஜமாக யோசிக்கிறவனுக்குத் தன் கை எங்கே இருக்கிறது என்றே தெரியாது என்பது பிழையாரின் கட்சி. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஆச்சரியக்குறி போடுகிறவர்களை, மாமியார் வீட்டில் முதல் தடவை சாப்பிட உட்கார்ந்த மாப்பிள்ளைகள் என்பார், போட்டதெல்லாம் பிரமாதம். வலது மூலையில் கறுப்புக் கட்டம் வருகிற மாதிரி அட்டையிலேயே பலகையைத் திருப்பி வைத்தவன் உள்ளே என்ன கிழித்துவிடப் போகிறான்? எல்லாவற்றையும்விட அவர் இரத்தம் கொதிப்பது ஒரு வாக்கியத்துக்குத்தான். "இங்கிருந்து வெற்றி எளிது." அப்படி எழுதிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுவார்கள். "எளிதா இருந்தா நான் ஏன்யா உன் புத்தகத்தை வாங்கறேன்?" என்று அந்த இடத்தில் சிவப்பு மையால் எழுதி வைப்பார். அவருடைய அலமாரியில் அந்தக் கேள்வி எழுதப்படாத புத்தகங்கள் குறைவு.

நல்ல புத்தகத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிடும். "நாம என்ன தப்பு பண்ணப்போறோம்னு அவனுக்கு முன்னாடியே தெரியணும். நாம குதிரைமேல கை வைக்கிறப்ப, அடுத்த வரியில அவன் 'குதிரையா? உட்காருங்க, பேசுவோம்'னு சொல்லணும். அதான் புத்தகம்." இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தால், இந்த மனிதரா அப்படித் திட்டினார் என்று இருக்கும்.

ஊர்ச் செஸ் மன்றம் மாதாமாதம் எட்டுப் பக்கத்தில் ஓர் இதழ் கொண்டுவந்தது. அதில் ஏழாம் பக்கம் அவருடையது. தலைப்பு: "படித்ததில் பிழைத்தது." பெரும்பாலான மாதங்களில் ஒன்றும் பிழைக்காது. ஒருமுறை அடிபட்ட ஆசிரியர் ஒருவர் மன்றத்துக்குக் கோபமாகக் கடிதம் எழுதினார். பிழையார் அந்தக் கடிதத்தில் இருந்த நான்கு எழுத்துப்பிழைகளைத் திருத்தி அவருக்கே திருப்பி அனுப்பிவைத்தார்.

பிழையார் என்ற பெயர் மன்றத்தில் வைத்ததல்ல, அச்சகத்தில் வைத்தது. இருபத்தெட்டு வருடமாக அவர் அங்கே பிழை திருத்துகிறார். பாடப்புத்தகம், நீதிமன்றப் படிவம், மருந்து டப்பாவுக்குள் மடித்து வைக்கிற துண்டுக் காகிதம், எல்லாம் அவர் மேஜையைத் தாண்டித்தான் இயந்திரத்துக்குப் போகும். வரிக்குக் கீழே இரும்பு ஸ்கேலை வைத்து, ஒவ்வொரு வரியாக இறக்கி இறக்கிப் படிப்பார். ஒரு மருந்துக் காகிதத்தில் மில்லிகிராம் கிராமாக மாறியிருந்ததை ஒருதடவை பிடித்தார். அன்றைக்கு மெஷின்காரர், "பிழையாரைக் கும்பிட்டுட்டுத்தான் இனிமே ஸ்விட்சைப் போடணும்" என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது. அதில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமையும் இருந்தது.

பெருமைக்குப் பக்கத்திலேயே ஒரு புண்ணும் இருந்தது. பதினோரு வருடம் உட்கார்ந்து அவர் ஒரு புத்தகம் எழுதியிருந்தார். ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சுகிற இறுதியாட்டங்கள், அறுநூற்று நாற்பது பக்கம், ஒரு பிழை கிடையாது. அச்சகத்தின் முதலாளியம்மா சொந்தமாகப் புத்தகங்களும் வெளியிட்டு வந்ததால் அவரிடம் கொடுத்தார். இரண்டு மாதம் கழித்துக் கட்டு திரும்பி வந்தது. "தப்புன்னு ஒன்னுகூட இல்ல சார். ஆனா பூட்டின வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரி இருக்கு. யாருமே உள்ள கூப்பிட மாட்டேங்கறாங்க" என்றார் அந்த அம்மா. பிழையார் தலையை ஆட்டிவிட்டுக் கட்டை வாங்கிக்கொண்டார். அது நடந்து நான்கு வருடம் ஆகிறது.

இப்படிப்பட்டவரின் மேஜைக்குத்தான் ஒரு திங்கட்கிழமை காலை அந்த அச்சுப்படி வந்தது. முதலாளியம்மாவே கொண்டுவந்து வைத்தார்.

"உங்க மாப்பிள்ளை எழுதினது. செஸ் புத்தகம். தெரியுமில்ல?"

தெரியாது. தங்கை வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஞாயிறுதோறும் மதியம் பலகையைத் தூக்கிக்கொண்டு வருவார். மூன்று ஆட்டம் ஆடினால் ஒன்றில் ஜெயிப்பார். புத்தகம் எழுதியதாக மூச்சுக்கூட விடவில்லை.

"நான் படிச்சேன், பிடிச்சுது" என்றார் முதலாளியம்மா. "ஆனா எனக்குச் செஸ் தெரியாது. தெரியாதவளுக்குப் பிடிச்சா அது நல்ல புத்தகமா, ஏமாத்தறதா? நீங்க சொல்லுங்க. நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போடுங்க, அடுத்த வாரமே மெஷின்ல ஏத்திடறேன். இல்லேன்னா திருப்பிக் கொடுத்துடலாம். நீங்க சொந்தக்காரங்கன்னு பாக்கமாட்டீங்க, அது ஊருக்கே தெரியும்."

அந்த அம்மா போனதும் பிழையார் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். முப்பது ஆட்டங்கள். விரலை வைத்து எண்ணினார். பத்தொன்பதில் தோல்வி. மறுபடி எண்ணினார். பத்தொன்பதேதான்.

எரிச்சலோடுதான் முதல் பக்கத்துக்கு வந்தார். புத்தகத்தின் பெயர் "எதிரே உட்கார்ந்தவர்." ஒவ்வொரு அத்தியாயமும் ஓர் ஆட்டம், எதிரே உட்கார்ந்தவர் யார், என்ன வேலை செய்கிறார், அன்றைக்கு எப்படி இருமினார், எந்த இடத்தில் நாற்காலியைப் பின்னால் தள்ளினார் என்று ஆரம்பித்து நகர்த்தலுக்குள் போய்விடுகிறது. மாப்பிள்ளை கடையில் பேசுகிற மாதிரியே எழுதியிருந்தார். இரண்டு நிலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து, ஒரே ஒரு சிப்பாயை மட்டும் மாற்றி வைத்து, "இது தெளிவாகத் தெரிகிறதா, அதுவா?" என்று கேட்கிறார். பிழையார் அலட்சியமாக "இது" என்று முடிவு செய்தார். பக்கத்தைத் திருப்பினால், "பலரும் இதைத்தான் சொல்வார்கள். நானும் சொன்னேன், தோற்றேன்" என்று இருந்தது. பிழையார் ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டார். முப்பது வருடம் ஆடியவரை ஒரு கண்ணாடிக் கடைக்காரர் நான்காம் பக்கத்திலேயே கவிழ்த்துவிட்டார்.

குற்றம் கண்டுபிடிக்கத்தான் படித்தார். சிவப்பு மைக்குக் கிடைத்தது ஒன்பது ஒற்றுப்பிழையும் ஒரு றகரமும்தான். "இங்கிருந்து வெற்றி எளிது" என்று எங்காவது வரும் என்று காத்திருந்தார். ஓரிடத்தில் வந்தது. ஆனால் அடுத்த வரி, "என்று அன்று நினைத்தேன். அதற்குப் பிறகு நாற்பத்தோரு நகர்த்தல் ஆடித் தோற்றேன்" என்று தொடர்ந்தது. பிழையார் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். மெஷின்காரர் இயந்திரத்தை விட்டு எட்டிப் பார்த்தார். அந்த மேஜையில் இருந்து சிரிப்புச் சத்தம் வந்து அவர் கேட்டதில்லை.

இரண்டு நாளில் பத்து அத்தியாயம் முடிந்தது. இது பதினேழாவது புத்தகம் என்று பிழையாருக்குத் தெரிந்துவிட்டது. சொல்லிக்கொள்ளத்தான் மனம் வரவில்லை. நமக்குப் பதினோரு வருடம் வராதது இந்த மனுஷனுக்குக் கண்ணாடி துடைக்கிற நேரத்தில் எப்படி வந்தது என்ற கேள்வி பல்லில் சிக்கிய நாராக உறுத்திக்கொண்டே இருந்தது. ஆனாலும் புதன்கிழமை காலை அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, "நல்ல புத்தகம்" என்று எழுதத்தான் நினைத்தார். பாக்கியையும் பார்த்துவிட்டு எழுதலாம் என்று பதினொன்றாம் அத்தியாயத்தைத் திருப்பினார். "ராவுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி" என்று தலைப்பு. கை அப்படியே நின்றுவிட்டது.

அந்தப் புள்ளி விஷயம் உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

இருபத்தேழு வருடத்துக்கு முன்னால், நாட்டு அணிக்கு ஆள் எடுக்கிற தேர்வுப் போட்டியின் கடைசிச் சுற்றில் பிழையார் தோற்றார். அன்றைக்கு நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல் என்று ஊருக்குச் சொன்னார். அம்மாவுக்குச் சொன்னார், தங்கைக்குச் சொன்னார், மன்றத்தில் இன்றைக்கும் "அந்தக் காய்ச்சல் மட்டும் வராம இருந்திருந்தா" என்று அவருக்காக உச்சுக் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். காய்ச்சல் இல்லை. உண்மையை அன்று மாலை ஒரே ஒருவரிடம் சொல்லி அழுதார். அந்த நண்பர்தான் பிற்பாடு தங்கையைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளையானார்.

மாப்பிள்ளை அதை இப்படி எழுதியிருந்தார்:

"அந்த நாளில் எங்கள் எல்லோருக்கும் ஒரே புத்தகம்தான். அதில் ராஜாவுக்கு 'ரா' என்று போடுவார்கள். ராணிக்கும் 'ரா'தான், பக்கத்தில் ஒரு புள்ளி. இருநூறு பக்கத்திலும் அந்தப் புள்ளி ஒழுங்காக இருக்கும். நூற்று நாற்பத்திரண்டாம் பக்கத்தில் ஓரிடத்தில் மட்டும் அது அச்சில் விழவில்லை. என் நண்பர் அந்தப் பக்கத்தை மனப்பாடமாக வைத்திருந்தார். எதிராளியின் குதிரை வந்து சிப்பாயை அடித்தது. அந்தக் குதிரையை ராணியாலும் அடிக்கலாம், ராஜாவாலும் அடிக்கலாம். பத்து விநாடி யோசித்திருந்தால் ராணிதான் என்று கண்டிருப்பார். எங்களில் அவரைப்போல யோசிக்கத் தெரிந்தவர் கிடையாது. ஆனால் அவர் புத்தகத்தை நம்பினார். ராஜாவைத் தூக்கி நடுக்களத்தில் வைத்தார். ஒன்பது நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது."

பிழையார் அக்கம் பக்கம் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.

"போட்டிக்கு ஒரு மாதம் முன்பே என் பிரதியில் அந்த இடத்தில் பென்சிலால் நான் ஒரு புள்ளி வைத்திருந்தேன். அவரிடம் சொல்லவில்லை. எனக்கே தெரிந்தது அவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவர் ராஜாவைத் தொட்டபோது நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். என் மனதில் முதலில் வந்தது வருத்தம் இல்லை. அது என்ன என்று எனக்குத் தெரியும். எழுதத்தான் கை வரவில்லை. இந்தப் புத்தகத்தில் நான் தோற்ற ஆட்டங்கள் பத்தொன்பது. இந்த ஆட்டத்தை நான் ஆடவில்லை. ஆனாலும் அதில் இதையும் சேர்த்திருக்கிறேன்."

பிழையார் அச்சுப்படியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் அச்சகத்தை விட்டு வெளியே வந்தார். மூன்று தெரு தள்ளிக் கண்ணாடிக் கடை. வெயிலில் வேகமாக நடந்தார். உள்ளே ஒரு பஸ் டிரைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூக்கின்மேல் அந்தக் கனமான சோதனைச் சட்டம். மாப்பிள்ளை அதில் ஒரு வில்லையைச் செருகி, "இது தெளிவா, முன்ன போட்டதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, பேசணும்."

"வாங்க மச்சான். ரெண்டு நிமிஷம். சொல்லுங்கண்ணே, இதுவா?"

"உனக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார் பிழையார். "ஒரு மாசம் முன்னாடியே தெரிஞ்சிருக்கு. ஏன்டா சொல்லல?"

கல்யாணத்துக்கு முன்னால் அவர்களுக்குள் வாடா போடாதான். தாலி ஏறிய அன்றே அது வாங்க போங்க ஆகிவிட்டது. இருபத்து நான்கு வருடம் கழித்து அந்த 'டா' இப்போதுதான் வாயில் வந்தது. மாப்பிள்ளை கையில் இருந்த வில்லையைப் பெட்டியில் அதன் பள்ளத்தில் சரியாக வைத்தார்.

"படிச்சிட்டீங்களா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"அதுல எழுதியிருக்கறதுக்கு மேல எங்கிட்ட பதில் இல்ல மச்சான்."

"அந்த அத்தியாயத்தை எடுத்துடு. எடுத்துடுங்க." பிழையாருக்கு மரியாதை நினைவுக்கு வந்துவிட்டது. அதனால் கோபம் குறைந்துவிடவில்லை. "இருபத்தேழு வருஷமா காய்ச்சல்னு சொல்லிட்டிருக்கேன். ஊர்ல ஒருத்தன் விடாம அச்சுப்பிழையைப் பிடிச்சுக் கிழிகிழின்னு கிழிச்சிருக்கேன். நானே ஒரு புள்ளியில விழுந்தவன்னு தெரிஞ்சா மன்றத்துல என் மூஞ்சியில எவன் முழிப்பான்?"

"அதுல உங்களைக் குறைச்சு ஒரு வார்த்தை இல்லையே. எங்க எல்லாரையும்விட நீங்கதான் பெரிய ஆட்டக்காரர்னு எழுதியிருக்கேன்."

"பெரிய ஆட்டக்காரன் கிளிப்பிள்ளையா ஆடினான்னும் எழுதியிருக்கீங்க."

சட்டத்தை மாட்டிக்கொண்டு எதுவும் தெரியாமல் உட்கார்ந்திருந்த டிரைவர், "சார், நான் வேணா அப்புறமா வரட்டுமா?" என்றார். இருவரும் ஒரே குரலில் "உட்காருங்க" என்றார்கள்.

மாப்பிள்ளை கண்ணாடி துடைக்கிற துணியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். "மச்சான், உங்க தோல்வியைச் சொல்றதா நினைக்கிறீங்க. அது என்னோடது. மத்த பதினெட்டும் பலகையில தோத்தது. அதையெல்லாம் எவன் வேணா எழுதுவான். இதை எடுத்துட்டா மத்ததுல உண்மையே இல்ல. நீங்கதானே எழுதுவீங்க, தோத்த ஆட்டத்தைப் போடாதவன் பொய்யன்னு? அதைப் படிச்சுட்டுத்தான் நான் எழுதவே உட்கார்ந்தேன்."

தன் வார்த்தையையே எடுத்து ஒருவன் இவ்வளவு மெதுவாகத் தன் முன்னால் வைப்பான் என்று பிழையார் எதிர்பார்த்திருக்கவில்லை.

"ஒன்னு செய்யுங்க" என்றார் மாப்பிள்ளை. "அந்த அம்மா உங்ககிட்ட ஒரு வார்த்தை கேப்பாங்க. நல்லாருந்தா நல்லாருக்குன்னு எழுதுங்க. குப்பைன்னா குப்பைன்னு எழுதுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன். அந்தப் பதினொன்னை மனசுல வெச்சு மட்டும் எழுதாதீங்க. மொத்தமா பாத்து எழுதுங்க. ஆறு வருஷம் எழுதினேன் மச்சான். நீங்க ஒருத்தர் படிக்கணும்னுதான் எழுதினேன்."

டிரைவர் தொண்டையைக் கனைத்தார். பிழையார் படியிறங்கினார்.

மீதி அத்தியாயங்களை அன்று மாலைக்குள் படித்து முடித்தார். அவை முதல் பத்தைவிட நன்றாக இருந்தன. கடைசி ஆட்டத்தில், மாப்பிள்ளை ஜெயித்துக்கொண்டிருக்கும்போது எதிராளிக்கு வீட்டிலிருந்து கெட்ட செய்தி வருகிறது. கடிகாரத்தை நிறுத்தச் சொல்லலாமா வேண்டாமா என்று அவர் தவிக்கிற இடம் இரண்டு பக்கத்துக்கு வருகிறது. அப்படி இரண்டு பக்கம் தன் அலமாரியில் எந்தப் புத்தகத்திலும் இல்லை என்று பிழையாருக்குத் தெரியும். தெரிந்தது அவருக்கு உதவவில்லை. குப்பை என்று எழுதப் பேனாவை எடுத்தார், கை வரவில்லை. அந்த ஒரு வார்த்தையைப் பொய்யாக எழுதி அவருக்குப் பழக்கம் இல்லை. நல்ல புத்தகம் என்று எழுத நினைத்ததும், மன்றத்து வாசலில் நாலு பேர் நின்றுகொண்டு "ராவா, ரா புள்ளியா பிழையாரே?" என்று கேட்பது காதில் விழுந்தது. காலையில் எழுத எடுத்த வெள்ளைத் தாள் மேஜையிலேயே கிடந்தது. அதில் ஒரு வார்த்தை எழுதினார்.

"சுமார்."

கீழே கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார். முதலாளியம்மா அதைப் படித்துவிட்டு, "அப்படியா? எனக்கு என்னமோ..." என்று இழுத்தார். பிறகு, "சரி, உங்க பேச்சுக்கு மேல என்ன இருக்கு?" என்று அச்சுப்படியைக் கட்டி அனுப்பிவைத்தார். அந்த வாரம் இயந்திரத்தில் காலி விழுந்த இடத்தில் "பதினைந்தே நாளில் செஸ் கில்லாடி" என்று ஒரு புத்தகம் ஏறியது. அட்டையில் ஆசிரியர் தாடையில் கை வைத்திருந்தார். பிழையார்தான் திருத்தினார். ஒரு பிழை இல்லாமல் திருத்திக் கொடுத்தார்.

சனிக்கிழமை தங்கை ஃபோன் பண்ணினாள். எடுத்தவுடன், "அண்ணா, சுமார்னு எழுதினியாமே?" என்றாள்.

"எனக்குப் பட்டதை எழுதினேன்."

"பொய் சொல்லாதே. நீ எந்தப் புத்தகத்தையாவது சுமார்னு சொல்லி நான் கேட்டிருக்கேனா? உன் வாயில வர்றது ரெண்டே வார்த்தை. நல்லது, இல்லேன்னா குப்பை. குப்பைன்னு எழுதியிருந்தாக்கூட, அண்ணனுக்குப் பிடிக்கலன்னு விட்டிருப்பேன். கட்டு மேல செருகியிருந்த தாள்ல சுமார்னு பாத்ததுமே இவருக்குப் புரிஞ்சுபோச்சு. கட்டைப் பிரிக்காமலே பரண்ல போட்டுட்டாரு."

"வேற எங்கேயாவது கொடுக்கச் சொல்லு. எத்தனையோ பேர் போடுவாங்க."

"நானும் சொன்னேன். மச்சான் படிச்சாச்சு, போதும்னாரு."

பிழையார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தங்கை, "நீ நல்லா இருண்ணா" என்று சொல்லி வைத்துவிட்டாள். வாழ்த்துகிற தொனியில் அவள் அதைச் சொல்லவில்லை.

அடுத்த நாளும், அதற்கடுத்த ஞாயிறும் மாப்பிள்ளை வரவில்லை. மதியமானால் பிழையார் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதழுக்கு எழுத வேண்டிய ஏழாம் பக்கத்துக்கு ஒன்றும் தோன்றவில்லை. போய்ப் பேசிவிடலாமா என்று இரண்டு தடவை செருப்பை மாட்டினார். போனால் என்ன சொல்வது? நல்ல புத்தகம் என்று சொல்லலாம். சொன்னால், அப்போது அச்சடிக்கலாமா என்று கேட்பார். அதற்கு மேல் யோசிக்கப் பிழையாருக்குத் தைரியம் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டார்.

மூன்றாவது ஞாயிறு கதவு தட்டப்பட்டது. மாப்பிள்ளை பலகையோடு நின்றிருந்தார். "வரலாமா மச்சான்?" என்றார், எப்போதும் கேட்கிற மாதிரியே. பிழையார் நிம்மதியில் டீயில் இரண்டு தடவை சர்க்கரை போட்டார். புத்தகத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. கடையில் ஏசி கெட்டுப்போனதைப் பற்றிப் பேசினார்கள். மூன்று ஆட்டம் ஆடினார்கள். மூன்றிலும் பிழையார் ஜெயித்தார்.

அதற்கடுத்த ஞாயிறும் மூன்று. அதற்கடுத்ததும் மூன்று. ஐந்தாவது வாரம்தான் பிழையாருக்கு உறைத்தது. அல்லது முதல் வாரமே உறைத்ததை ஐந்தாவது வாரம்தான் ஒப்புக்கொண்டார். மாப்பிள்ளை மோசமாக ஆடவில்லை. இருபது நகர்த்தல்வரை நெருக்கிப் பிடித்து அழகாக ஆடுவார். ஆட்டம் தன் பக்கம் சாய்கிற நேரம் பார்த்து ஒரு சின்னத் தப்பு செய்வார். பார்க்கிறவர்கள் யாருக்கும் அது தப்பு என்றே தோன்றாது. ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு இருபத்தெட்டு வருடமாகத் தப்பைக் கண்டுபிடிப்பதுதான் தொழில். வேண்டுமென்றே விட்ட பிழைக்கும் தெரியாமல் விழுந்த பிழைக்கும் வித்தியாசம் அவருக்குத் தெரியாதா?

அன்றைய மூன்றாவது ஆட்டத்தில், பிழையாரின் மந்திரி வெட்டுகிற கட்டத்தில் மாப்பிள்ளை நிதானமாகத் தன் யானையைக் கொண்டுவந்து வைத்தார். பிழையார் பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"அதை ஏன் அங்க வெக்கிறீங்க?"

"எங்க மச்சான்?"

"யானையை. அங்க வெச்சா போயிடும்னு உங்களுக்குத் தெரியும். போன வாரம் குதிரை. அதுக்கு முந்தின வாரம் ராணி. எனக்குத் தெரியாதுன்னு நினைக்கிறீங்களா? ஒழுங்கா ஆடுங்க மாப்ளே. வேணும்னா என்னைத் திட்டுங்க. பலகையைத் தூக்கி அடிங்க. இப்படிப் பண்ணாதீங்க."

மாப்பிள்ளை யானையைப் பார்த்தார், மந்திரியைப் பார்த்தார், அப்போதுதான் கவனித்தவர் போலத் தலையை ஆட்டிக்கொண்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை. குத்திக்காட்டுகிற சிரிப்பும் இல்லை. கடையில் வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே இதமான குரலில் சொன்னார்.

"கவனிக்கல மச்சான். நீங்க இப்பல்லாம் ரொம்ப நல்லா ஆடறீங்க."

அந்தப் புத்தகம் நல்ல புத்தகம் என்று அப்போதாவது பிழையார் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அத்தோடு மன்றத்து வாசலும் அந்த நாலு பேரும் சேர்ந்து வந்தார்கள். வந்ததை மென்று விழுங்கினார். கை தானாக நீண்டு மந்திரியை எடுத்து யானையை வெட்டியது.

"இன்னொன்னு ஆடலாமா?" என்று கேட்டுக்கொண்டே மாப்பிள்ளை காய்களை அடுக்க ஆரம்பித்தார்.

அந்த ஆட்டத்திலும் பிழையார்தான் ஜெயித்தார்.